காரை முடுக்கும்போது எழும் சத்தங்கள்: காரணமும் தீர்வும்

காரின் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது வழக்கத்துக்கு மாறாக எழும் சத்தம், ஏதோ ஓர் உறுப்பு தேய்ந்திருக்கிறது, தளர்ந்திருக்கிறது அல்லது கசிகிறது என்பதற்கான அறிகுறியாகும். முடுக்கும்போது மூன்று மாற்றங்கள் நிகழ்கின்றன. என்ஜின் வேகமாகச் சுழல்கிறது. சக்கரங்களின் வேகம் கூடுகிறது. என்ஜின் மீதான பளு உயர்கிறது. சத்தம் இம்மூன்றில் எதைப் பின்தொடர்கிறது என்று கண்டறிந்தால், பழுது எந்தப் பகுதியில் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். அதை அறியாமல் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வீண் செலவாகும்.

சோதிக்கும் முறை

முதலில் காரைச் சமதளமான திறந்தவெளியில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்த வேண்டும். சத்தம் கேட்டால் பழுது என்ஜினிலோ, அதன் பெல்ட்டிலோ, புகைபோக்கிக் குழாயிலோ உள்ளது.

நின்ற நிலையில் கேட்காவிட்டால், காலியான சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் மூன்றாம் கியரிலும், அதே வேகத்தில் நான்காம் கியரிலும் ஓட்டிப் பார்க்கலாம். கியர் மாறியதும் சத்தத்தின் சுருதி மாறினால் அது என்ஜின் சுழற்சியைச் சார்ந்தது. மாறாமல் இருந்தால் சக்கரம், பேரிங், டயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் கேட்டு, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் அது பளுவால் வருவது.

பெல்ட்டின் கிறீச்சொலி

மதுரை கோச்சடையில், மேலக்கால் சாலையில் ஜே.கே. ஃபென்னர் நிறுவனத்தின் பெல்ட் தொழிற்சாலை உள்ளது. அத்தகைய ஆலைகளில் உருவாகும் ரப்பர் பெல்ட்தான் என்ஜினின் சுழற்சியை ஆல்டர்னேட்டருக்கும் ஏசி கம்ப்ரசருக்கும், பல கார்களில் தண்ணீர் பம்புக்கும் கொண்டுசெல்கிறது.

ஆல்டர்னேட்டரின் புல்லி சிறியது என்பதால் அது என்ஜினைவிட ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு வேகமாகச் சுழல்கிறது. திடீரென முடுக்கும்போது அதன் சுழற்சியையும் உடனே உயர்த்த வேண்டியிருக்கிறது. பெல்ட் தளர்ந்தோ, வழவழப்பாகத் தேய்ந்தோ இருந்தால் புல்லியில் பிடிக்காமல் வழுக்கிக் கத்தும். ஏசியைப் போட்டதும் சத்தம் கூடுவது இதற்கு நல்ல அடையாளம்.

என்ஜின் ஓடும்போது கையையும் தளர்ந்த உடையையும் விலக்கி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிகளுள்ள பக்கத்தில் சிறிது நீர் தெளித்துப் பார்ப்பது மெக்கானிக்குகள் செய்யும் சோதனை. சத்தம் கூடினால் இழுவிசை போதவில்லை. டென்ஷனரைப் பார்க்க வேண்டும். சற்று நின்று மீண்டும் வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. நீரால் மாற்றமே இல்லையெனில் ஏதேனும் ஒரு புல்லியின் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். இந்தக் காரணங்களைச் சரிசெய்யாமல் பெல்ட்டை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவில் கத்தத் தொடங்கும்.

என்ஜினும் புகைக்குழாயும்

தகர டப்பாவில் சிறுகற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஒலி, உயர் கியரில் மேம்பாலம் ஏறும்போது பெட்ரோல் கார்களில் கேட்பதுண்டு. தீப்பொறியால் பரவும் சுடர் எட்டுவதற்கு முன்பே எரிகலவையின் ஒரு பகுதி தானாகப் பற்றிக்கொள்வதால் இது எழுகிறது. கியரைக் குறைத்தால் உடனடியாகத் தணியும். தொடர்ந்தால் எரிபொருளின் ஆக்டேன் அளவு, கரிப்படிவு, என்ஜின் சூடு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

டர்போ உள்ள டீசல் காரில் 'உஸ்' என்ற ஒலியும் இழுவைக் குறைவும் கரும்புகையும் சேர்ந்து வந்தால், காற்றுக்குழாய் கிழிந்திருக்க வாய்ப்புண்டு. 'டக் டக்' என்ற சீரான ஒலி புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருப்பதைக் காட்டலாம். அங்கே கரி படிந்திருக்கும். குறிப்பிட்ட சுழற்சியில் மட்டும் தகரம் அதிர்வதுபோல் கேட்டால், வெப்பத் தடுப்புத் தகட்டின் போல்ட் தளர்ந்திருக்கலாம். இது குறைந்த செலவில் தீரும் பழுது.

சக்கரப் பகுதி

நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது ஒரே ஒரு 'டொக்' கேட்டால் என்ஜின் மவுண்ட்டின் ரப்பர் தளர்ந்திருக்கலாம். முன்சக்கர இழுவைக் காரைத் திருப்பியபடி முடுக்கும்போது 'கடக் கடக்' எனக் கேட்டால் அச்சுத்தண்டின் வெளி மூட்டு தேய்ந்திருக்கிறது. அதன் ரப்பர் உறை கிழிந்தவுடனே மாற்றினால் கிரீஸ் வெளியேறாது, மூட்டும் தப்பும். வேகத்தோடு வளரும் 'ஊம்' என்ற முழக்கம் சக்கர பேரிங்குக்கு உரியது. வலப்புறம் வளையும்போது அது கூடினால் பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங்தான்; வளைவில் பளு அப்பக்கம் சாய்கிறது.

உடனே நிறுத்த வேண்டியவை

என்ஜினின் அடிப்பகுதியிலிருந்து கனமான தட்டல் கேட்டாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ என்ஜினை உடனே அணைக்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டினால்கூட என்ஜினை முழுவதும் பிரிக்க நேரிடலாம். கிறீச்சொலிக்குப் பின் பேட்டரி விளக்கு எரிந்து வெப்பமானியும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கலாம், அப்போதும் ஓட்டக்கூடாது. புகைக்குழாய்க் கசிவு இருந்தால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பட்டறையில் 'ஏதோ சத்தம் வருகிறது' என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில், எந்த கியரில், ஏசி ஓடும்போதா, திரும்பும்போதா என்று குறித்துச் சொன்னால் மெக்கானிக்கின் நேரமும் உரிமையாளரின் பணமும் மிச்சமாகும்.