எழுதியவரே பாஸ் போடக் கூடாது

வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுப்பவர் தன் கையால் எழுதுவது கொஞ்சம்தான். அடியில் ஓடும் லினக்ஸ், டேட்டாபேஸ், இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் எல்லாம் வேறு யாரோ எழுதிப் பொதுவில் வைத்தவை. பாபநாசத்தில் தாமிரபரணி ஆற்றில் கலந்தது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரை வந்து சேருவதுபோல, மேலே நுழைந்த பிழை கீழே எல்லாக் கடைக்கும் வரும். அதனால் புதுப் பதிப்பு ரிலீஸ் ஆகும் முன் அந்த நிரலை யார் ரிவ்யூ செய்தார்கள் என்பது மேலப்பாளையத்துக் கடைக்காரரையும் தொடும் கேள்வி.

ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டையைக் கொண்டுவந்த நிரல் சேர்ந்தது 2011 டிசம்பர் 31 இரவு. (புத்தாண்டு ராத்திரியில் அப்படி என்ன அவசரமோ!) ஒருவர் எழுதினார், ஒருவர் பார்த்தார், நீளத்தைச் சரிபார்க்கும் சோதனை விடுபட்டது இருவர் கண்ணிலும் படவில்லை. 2014 ஏப்ரல் 7இல் வெளியில் தெரியும்வரை உலகின் பாதுகாப்பான இணையதளங்கள் பலவற்றின் நினைவகம் திறந்தே கிடந்தது.

அது கவனப்பிசகு. 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியில் நடந்தது திட்டமிட்ட சதி. ஒற்றை ஆளாக அதைப் பராமரித்துக் களைத்துப்போனவரிடம் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து, ரிலீஸ் போடும் அதிகாரத்தையே வாங்கிக்கொண்டார். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் நுழைந்தது. அதை இயக்கும் வரிகள் நிரலை எல்லோரும் பார்க்கும் பொதுக் களஞ்சியமான கிட்டில் இல்லை, ரிலீஸுக்காகத் தனியே கட்டிய டார் கோப்பில் மட்டும் இருந்தன. கிட்டை எத்தனை பேர் வரிவரியாகப் படித்திருந்தாலும் அந்த வரிகள் அகப்பட்டிருக்காது. லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து நோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் மார்ச் 29 அன்று அதை வெளியிட்டார். நாம் தப்பியது அதிர்ஷ்டத்தால்.

ஆகவே ரிலீஸ் தேதி குறித்ததும் புது வசதிகளை நிறுத்திவையுங்கள். மிச்சமிருக்கும் ஒவ்வொரு பேட்ச்சையும் (நிரல் மாற்றத்தையும்) யார் பார்ப்பது என்று ஒருவர் பொறுப்பேற்றுப் பங்கிடட்டும். எழுதியவரே ஒப்புதல் கொடுக்கக் கூடாது, அவர் எவ்வளவு மூத்தவரானாலும் சரி. கடைசி நாளில் வரும் ‘சின்ன மாற்றம்’ அடுத்த பதிப்புக்குப் போகட்டும். வெளியிடும் கோப்பை இன்னொருவர் கிட்டிலிருந்து தானே கட்டி ஒப்பிட வேண்டும். பாதுகாப்பு ஓட்டை கண்ணில் பட்டால் பொதுவில் போட்டு உடைக்காமல் திட்டத்தைப் பராமரிப்பவருக்குத் தனியே சொல்லுங்கள்.

உரிமை என்று பார்த்தால், ஜிபிஎல் லைசன்ஸில் வந்த மென்பொருளின் மூலநிரலைக் கேட்டு வாங்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் ‘உத்தரவாதம் இல்லை’ என்று அதே லைசன்ஸ் சொல்வதால், சம்பளமில்லாமல் எழுதியவரிடம் நஷ்டஈடு எதிர்பார்க்க முடியாது. காசு வாங்கி நிறுவித் தந்தவரின் கதை வேறு. அவர் மீது, பிழைப்புக்காகச் சுயதொழில் செய்யும் கடைக்காரர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் முறையிடலாம். பில்லையும் ஒப்பந்தத்தையும் பத்திரமாக வையுங்கள். மென்பொருள் தருபவர் எந்தப் பதிப்பைப் போட்டார் என்பதையும் எழுதி வாங்குங்கள். வேண்டுமென்றே கெட்ட நிரலை நுழைத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவில் 3 ஆண்டுவரை சிறை உண்டு. சைபர் ஊடுருவலை நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கங்கைகொண்டானிலோ தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலோ மென்பொருள் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று: பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதிய நிரல் முதலாளிக்கே சொந்தம். பொதுத் திட்டத்துக்கு அனுப்பும் முன் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் படிக்கும் தம்பி, தங்கைகளே, கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஆசையா? புது வசதி எழுதி அனுப்பப் பலர் வருகிறார்கள். வந்ததைப் படித்துப் பார்க்கத்தான் ஆள் பஞ்சம். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு திட்டத்தில், ரிவ்யூவுக்குக் காத்துக் கிடக்கும் ஒரு பேட்ச்சை இந்த வாரமே எடுத்துப் படியுங்கள்.