முகவரி ஒன்றின் விலை

வாணிபஞ் செய்வோர் வாடிக்கையாளரின் முகவரியை ஒரு பொருளாகவே மதித்து, அதனை விலைகொடுத்துத் தேடும் வழக்கம் புதியதன்று. அமெரிக்க விளம்பர வல்லுநராகிய குளோட் ஹொப்கின்ஸ் என்பார், ‘விஞ்ஞான முறை விளம்பரம்’ என்று பொருள்படும் நூலொன்றை 1923ஆம் ஆண்டில் வெளியிட்டார். பத்திரிகை விளம்பரத்தோடு ஒரு கூப்பனையும் அச்சிட்டு, பத்திரிகைக்குப் பத்திரிகை வெவ்வேறு குறியீட்டினை அதில் இட்டுவைத்தால், திரும்பி வரும் கூப்பன்களை எண்ணியே எந்த விளம்பரத்துக்குக் கொடுத்த பணம் எத்தனை பேரைக் கொண்டுவந்தது என்று கண்டுவிடலாம் என்பது அவர் வற்புறுத்திய முறையாகும். கூப்பனை வெட்டி அனுப்பியவருக்கு மாதிரிப் பொருள் தபாலிற் சென்றது. அவருடைய பெயரும் விலாசமும் கம்பெனியின் பேரேட்டில் ஏறின.

இக்காலத்து இணையத்தில் நடைபெறுவதும் ஏறக்குறைய இதுவே. வேறுபாடு வேகத்திலும் விலையிலுமே உள்ளது. 1998ஆம் ஆண்டில் ‘கோட்டூ’ என்னும் தேடுதளம், தேடும் சொல் ஒவ்வொன்றையும் ஏலத்தில் விடத் தொடங்கியது. அதிக விலை கூறியவரின் விளம்பரம் முதலில் நிற்கும். ஒருவர் அதனைச் சொடுக்கி உட்சென்றாலன்றி விளம்பரகாரர் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் கூகிள் நிறுவனமும் தன் விளம்பரச் சேவையை ஆரம்பித்து, ஈராண்டுக்குள் சொடுக்குக்குப் பணம் என்னும் முறைக்கு வந்தது. கடைக்கு வருவோரைத் தலைக்கு இவ்வளவு என்று விலைபேசி வரவழைப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

ஆயினும் வந்தவர் எல்லாரும் வாங்குவதில்லை. பலர் வாயிலிலே நின்று எட்டிப்பார்த்துத் திரும்பிவிடுவர். அவர்களுக்காகக் கொடுத்த பணம் அத்துடன் போயிற்று. ஆகவே, வந்தவரிடம் உடனே பொருளை விற்க முயலாது, மின்னஞ்சல் முகவரியை மட்டும் கேட்டுப் பெறுவது புத்தி என்று வணிகர் கண்டனர். கணக்கு எளியது. ஒரு சொடுக்குக்கு 50 சதம் விலை என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் வருவதற்கு 50 டொலர் செலவு. அவர்களுட் பத்துப் பேர் முகவரி கொடுத்தால், முகவரி ஒன்றின் அடக்கவிலை 5 டொலர். அதன்பின் நாள்தோறும் கடிதம் அனுப்பினாலும் முத்திரைச் செலவில்லை. அந்த 5 டொலர் திரும்பி வருமா, வந்தால் எத்தனை மாதத்தில் வரும் என்பதே எஞ்சி நிற்கும் வினா.

இவ்வினா ஒரு பெருங் கம்பெனியை எவ்வாறு ஆட்டிவைத்தது என்பதற்குச் சிக்காகோ நகரத்துக் குரூப்போன் கம்பெனியின் வரலாறு தக்க சான்றாகும். 2008ஆம் ஆண்டு நவம்பரில் அன்ட்ரூ மேசன் என்பவரின் தலைமையில் அது தொடங்கப்பட்டது. நாளுக்கு ஒரு சலுகையை மின்னஞ்சலில் அறிவிப்பது அதன் தொழில். முதலில் அறிவித்த சலுகை, அதன் அலுவலகம் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்து உணவுச்சாலையில் அரைவிலைக்குப் பீட்சா. சலுகையை விற்ற பணத்தை உணவுச்சாலைக்காரரும் கம்பெனியும் பங்கிட்டுக்கொள்வர். கடிதம் பெறுவோர் தொகை பெருகினாலன்றி இத்தொழில் ஓங்காது. ஆதலால் கம்பெனி இணைய விளம்பரங்களில் பணத்தை வாரி இறைத்தது. 2009இன் முடிவில் 18 இலட்சமாக இருந்த சந்தாதாரர் தொகை, 2011 மார்ச் மாத முடிவில் 8 கோடி 31 இலட்சமாயிற்று.

அவ்வாண்டு யூன் மாதத்தில் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்கும் நோக்குடன் கம்பெனி தன் கணக்குகளை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டின் தொழில் நட்டம் 42 கோடி டொலருக்குச் சற்று மேல். அதே அறிக்கையில் மற்றொரு கணக்கும் இருந்தது; அதன்படி, அவ்வாண்டில் 6 கோடி 6 இலட்சம் டொலர் மிச்சம்! நட்டம் எவ்வாறு இலாபமாயிற்று? ஊழியருக்குக் கொடுத்த பங்குகளின் பெறுமதி, பிற கம்பெனிகளை வாங்கியதால் நேர்ந்த செலவு ஆகியவற்றோடு, சந்தாதாரரைச் சேர்ப்பதற்கு இணையத்திற் செலவிட்ட 24 கோடி 15 இலட்சம் டொலரையும் செலவுக் கணக்கினின்றும் நீக்கிவிட்டார்கள். பெற்றோர் மனம் நோகாவண்ணம் தேறாத பாடத்தை விட்டுவிட்டுப் புள்ளி கூட்டிக் காட்டும் மாணவனை இது நினைவூட்டுகிறது.

எனினும் கம்பெனியார் கூறிய நியாயத்தை முற்றாகத் தள்ளிவிடுதலும் நேர்மையன்று. நிலத்தை வாங்கித் தென்னம்பிள்ளை நடுபவன், அவ்வாண்டில் தேங்காய் விழவில்லை என்பதற்காகத் தான் கெட்டுப்போனதாக எண்ணுவதில்லை. முகவரியும் அத்தகையதே என்பது அவர்களின் வாதம். 2010இன் இரண்டாங் காலாண்டில் 1 கோடி 80 இலட்சம் டொலர் செலவிட்டு 37 இலட்சம் சந்தாதாரரைச் சேர்த்ததாகவும், அடுத்த மார்ச் முடிவதற்குள் அவர்களால் 6 கோடிக்கு மேல் மொத்த இலாபம் கிடைத்ததாகவும் அவர்கள் எடுத்துக் காட்டினர். தலைக்கு 5 டொலருக்கும் குறைந்த செலவில் 16 டொலருக்கு மேல் வரவு என்றால், யார்தான் மேலும் வாங்காதிருப்பார்?

இவ்வாதத்தின் பலவீனம் வேறோர் இடத்தில் இருந்தது. முதலிற் சேர்ந்தோர் சலுகையை விரும்பித் தாமே தேடி வந்த ஆர்வலர். பின்னர் விளம்பரத்தால் இழுத்துவரப்பட்டோர் அவ்வளவு ஆர்வமுடையோர் அல்லர். சேர்க்கச் சேர்க்க அடுத்த முகவரியின் விலை ஏறும். அது தரும் வரவோ இறங்கும். முந்திய விளைச்சலின் சராசரியைக் கொண்டு பிந்திய நிலத்துக்கு விலைபேசுதல் ஆபத்தானது. உண்மையில், அந்த 8 கோடி 31 இலட்சம் பேருள் அதுவரை ஒரு முறையேனும் வாங்கியோர் 1 கோடி 58 இலட்சம் பேரே. ஐவருள் ஒருவரும் இல்லை. அன்றியும் தென்னை நட்ட இடத்தில் நிற்கும். சந்தாதாரரோ ஒரு சொடுக்கில் விலகிவிடுவர்; விலகாமலே கடிதத்தைத் திறவாது விட்டுவிடுவோர் அவரினும் பலர்.

அமெரிக்கப் பங்குச் சந்தையை மேற்பார்க்கும் ஆணைக்குழு இவ்விடயத்திற் கண்டிப்பாக இருந்ததற்கு முன்னைய அனுபவமும் உண்டு. ‘அமெரிக்கா ஒன்லைன்’ என்னும் இணையச் சேவைக் கம்பெனி, 1990களில் இலவசக் கணினித் தட்டுக்களை வீடுவீடாகத் தபாலில் அனுப்பிச் சந்தாதாரரைச் சேர்த்தது. அச்செலவை உடனே கணக்கில் எழுதாது, சொத்தாகக் காட்டி 24 மாதங்கள் வரை பரப்பி எழுதிவந்தது. 1996 ஒக்டோபரில் அம்முறையைக் கைவிட்டபோது, ஒரே தடவையில் 38 கோடி 50 இலட்சம் டொலரைக் கழித்தெழுத நேர்ந்தது. அதுவரை கம்பெனி காட்டிய இலாபம் முழுவதிலும் அது பெரிய தொகை. இடையறாது மாறிக்கொண்டிருக்கும் தொழிலில் நாளைய வரவை நம்பகமாக மதிப்பிட இயலாது என்பது ஆணைக்குழுவின் நிலைப்பாடு. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் 35 இலட்சம் டொலர் தண்டம் செலுத்தி, குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும், அக்கம்பெனி வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

குரூப்போனும் 2011 ஓகஸ்டில் தன் புதுமைக் கணக்கை அறிக்கையினின்றும் நீக்கிற்று. அடுத்த மாதம் வருமானத்தையும் திருத்தி எழுதியது. உணவுச்சாலைக்காரருக்குப் போகும் பங்கையும் தன் வருமானமாகக் காட்டியிருந்தமையால், 2010க்குரிய 71 கோடி 34 இலட்சம் டொலர் 31 கோடி 29 இலட்சமாகச் சுருங்கியது. இத்தனைக்கும் பின்னர், நவம்பர் 4ஆம் திகதி பங்கு ஒன்று 20 டொலர் விலையில் வெளிவந்து, அன்று மாலை 26 டொலருக்கு மேல் நின்றது. வாங்கியோர் அறிக்கையைப் படித்தார்களோ என்னவோ!

விளம்பரச் செலவு குறையும் என்று மேசன் கூறியது பொய்க்கவில்லை. 2011இல் 76 கோடி டொலருக்கு மேலிருந்த அச்செலவு, மறு ஆண்டில் 34 கோடிக்கும் குறைந்தது. ஆனால் பழைய முகவரிகள் எதிர்பார்த்தபடி பயன் தரவில்லை. 2013 பெப்ரவரியில் பங்கின் விலை 5 டொலருக்குக் கீழே கிடக்க, மேசன் பதவிநீக்கஞ் செய்யப்பட்டார்.

அதே ஆண்டு மே மாதத்தில் கூகிள் தன் அஞ்சற்பெட்டியில் விளம்பரக் கடிதங்களுக்கென்று தனி அறை ஒன்றை வகுத்தது. முகவரியை வாங்கியவர் ஒருவர். கதவைக் காப்பவர் வேறொருவர் என்பது அப்போது பலருக்குத் தெளிவாயிற்று. 2024 பெப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் மேலும் கண்டிப்பான விதிகளைக் கொணர்ந்தன. கூகிளின் பயனாளருக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோர், ஒரே சொடுக்கில் விலகும் வசதியைக் கொடுத்தல் வேண்டும். தொல்லை என்று பெறுவோர் முறையிடும் வீதம் நூற்றுக்கு 0.3ஐ எட்டலாகாது. எட்டினால், விரும்பிப் படிப்போருக்குச் செல்லும் கடிதமுங்கூட நிறுத்தப்படலாம். ஆதலின் இப்போது வணிகர் பலர், ஒருகாலத்தில் தலைக்கு இத்தனை டொலர் என்று வாங்கிய முகவரிகளுட் கடிதத்தைத் திறவாதோரைத் தேடித் தேடித் தாமே பட்டியலினின்றும் நீக்கி வருகின்றனர்.