பைக்கை ஓரங்கட்டு... நடந்து வா மாப்ள!

மதுரைக்காரங்களுக்கு பைக் இல்லைன்னா கை கால் ஓடாது. அப்படிப்பட்ட எங்க செட்டை செமஸ்டர் லீவுல ஒரு சாயங்காலம் சித்திரை வீதிக்கு நடத்திக் கூட்டிட்டுப் போனேன். வேற வழி? அங்கே வண்டிக்கு அனுமதி இல்லை!

மீனாட்சியம்மன் கோயிலைச் சுத்தி நாலு சித்திரை வீதி. ஒரு சுத்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்தான். கல் பாவிய தரை, மல்லிகைப்பூ வாசம், நிமிர்ந்தா 170 அடி தெற்குக் கோபுரம். ஹாரன் சத்தம் இல்லாத மதுரையைப் பார்த்து பசங்களே மிரண்டுட்டாங்க.

ஊர் பிளானே செம லாஜிக். நடுவுல கோயில். உள்ளேயிருந்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதின்னு சதுரத்துக்குள்ள சதுரம். திருவிழா மாசங்கள்தான் தெருப் பேரு. ஆனா, சித்திரைத் தேர் ஓடுறது மாசி வீதியில! மாசியில நடந்த விழாவை திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாத்தினார். தேர் மட்டும் பழைய ரூட்டை விடலை.

கிழக்குப் பக்கம் அவர் கட்டின புதுமண்டபம். 'புது'ன்னு பேரு, வயசு 350-க்கு மேல! சிலைகளுக்கு நடுவுல தையல் மெஷின் கடகடன்னு ஓடும். அழகர் வேஷம் போடுறவங்களுக்கு டிரெஸ் தைச்சுத் தர்ற இடம் அது. 2018 பிப்ரவரியில கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சது. பழைய மண்டபங்கள்ல கடைகள் இருக்கலாமாங்கிற கேள்வி பெருசாச்சு. புதுமண்டபக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிடுச்சு.

கூட வந்த பிரெண்டோட தாத்தா அங்கே தைச்சவர். "இப்போ ஃபேன் இருக்கு, லைட் இருக்குய்யா. ஆனா, சாமி கும்பிட்டு வர்ற கூட்டம் தானா வந்து நிக்கும் பாரு... அது இல்ல"ன்னார். எங்க யாருக்கும் பதில் வரலை.

துணி மூட்டைக்குப் பின்னாடி மறைஞ்சிருந்த சிற்பங்கள் மூச்சு விடணும், நியாயம்தான். தாத்தா வீட்டு அடுப்பு எரியணும், அதுவும் நியாயம்தான். எந்தத் தேர்வுலயும் இவ்வளவு கஷ்டமான கேள்வி வரலை பாஸ்!

ஒண்ணு மட்டும் நம்ம கையில இருக்கு. அடுத்த தடவை சித்திரை வீதி போனா கோபுரத்தோட செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடாதீங்க. நாலு எட்டு வெச்சு குன்னத்தூர் சத்திரத்துக்கும் போங்க. கல்ச்சுரல்ஸ் டிரெஸ் ஒண்ணு அளவு கொடுத்துட்டு வாங்க.

நாங்க கொடுத்துட்டோம். அடுத்த வாரம் டெலிவரி. அதுக்கும் நடந்துதான் போகப் போறோம்!