காப்பாரை அறிதல்

சென்னைக் கடற்கரையில், கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, நொச்சிக்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பு ஒன்று உண்டு. கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மயிலாப்பூரும் அமைய விளங்கும் அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன், தமிழ் கற்றோர் நினைவில் நொச்சித் திணை தோன்றும். நொச்சி என்பது நீலம் கலந்த சிறு பூக்களையுடைய ஒரு செடி. பகைவர் கோட்டையை வளைத்துக்கொண்டபோது, மதிலின் உள்ளே நின்று அதனைக் காத்த வீரர் அச்செடியின் பூவைச் சூடினர் என்பது இலக்கண மரபு. மதிலை முற்றுகையிட்டோர் சூடியது உழிஞைப் பூ. புறப்பொருள் வெண்பாமாலை இவ்விரண்டையும் தனித்தனித் திணைகளாக வகுத்துள்ளது. தாக்குவோனுக்கு ஒரு மாலை உண்டெனின், காப்போனுக்கும் ஒரு மாலை உண்டு என்று நம் முன்னோர் கருதினர் போலும்.

இக்காலத்தில் மதில்போர் இல்லை. ஆயினும் தாக்குதலும் காத்தலும் விளையாட்டுக் களங்களில் நாள்தோறும் நிகழ்கின்றன. ஹாக்கி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அணிக்குப் பதினொருவர் ஆடும் அவ்வாட்டத்தில், முன்களத்தார் பந்தைக் கொண்டுசென்று கோல் அடிக்க முயல்வர். தடுப்பாட்டக்காரர் பின்னே நின்று எதிரணியின் முயற்சியை முறியடிப்பர். முன்களத்தான் ஒருவன் கோல் அடித்தால் அரங்கம் அதிர்கின்றது. அவன் பெயர் மறுநாள் செய்தித்தாளில் வெளிவருகின்றது. தடுப்பாட்டக்காரன் தன் கடமையைச் செவ்வனே செய்தாலோ, எதுவும் நிகழ்வதில்லை. எதுவும் நிகழாமையே அவனுடைய வெற்றி. நிகழ்ந்ததை எண்ணுதல் எளிது. நிகழாததை எண்ணுதல் அரிது. ஆதலின், வளரும் பருவத்துத் தடுப்பாட்டக்காரரின் திறனை மதிப்பிடுவது பயிற்சியாளர்க்குப் பெரியதொரு சோதனையாக உள்ளது.

இச்சோதனையில் உலகின் பெரிய வல்லுநர்களும் தடுமாறியதுண்டு. குளிர்நாடுகளில் பனித்தள ஹாக்கி என்றோர் ஆட்டம் உண்டு. பனிக்கட்டி பரப்பிய தளத்தின்மீது, சறுக்குக் காலணி அணிந்து, பந்திற்கு மாறாகத் தட்டையான ரப்பர் வட்டு ஒன்றை மட்டையால் அடித்து அதனை ஆடுவர். நம் நாட்டின் லடாக்கிலும் குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளின்மேல் அவ்வாட்டம் ஆடப்படுகின்றது. ஒவ்வோர் அணியிலும் வழக்கமாக மூவர் முன்களத்தார், இருவர் தடுப்போர், ஒருவர் கோல் காப்போர் என அறுவர் களத்தில் நிற்பர். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகைச் சேர்ந்த அணிகள், ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களை ஒருவர்பின் ஒருவராகத் தெரிந்தெடுக்கும். 1989-ஆம் ஆண்டில் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் என்னும் சுவீடன் நாட்டு இளைஞரை, டெட்ராய்ட் அணி 53-ஆவது ஆளாகத் தெரிந்தெடுத்தது. அவருக்கு முன்னர் 52 பேர் தெரிந்தெடுக்கப்பட்டுவிட்டனர்! அப்போது அவருக்கு வயது 19. அந்த லீகின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர்க்கு வழங்கப்பெறும் நாரிஸ் கோப்பையை அவர் முதன்முதல் பெற்றது 2001-இல். அதாவது, 31-ஆம் வயதில். பின்னர் மேலும் ஆறு முறை அக்கோப்பை அவரை வந்தடைந்தது. 2012-இல் ஓய்வு பெறுவதற்குள் அவர் 20 பருவங்கள் ஆடி முடித்திருந்தார். பத்தொன்பது வயதில் பலர் கண்ணுக்கும் முழுதாய்ப் புலப்படாத திறன், முப்பது வயதிற்குமேல் உலகறிய விளங்கிற்று. பனை விதைத்தவன் தென்னையின் கணக்கில் காய்ப்பை எதிர்பார்த்தல் ஆகுமா? தடுப்பாட்டமும் மெல்ல முதிரும் கலையே.

அங்ஙனமாயின், இளமையில் நம் கண்ணை மயக்குவது யாது? முதலாவது, உடல் வளர்ச்சி. ஒரே வகுப்பில் பயிலும் பதின்மூன்று வயதுச் சிறுவர் இருவரை நோக்குங்கள். ஒருவன் மீசை அரும்பி, தோள் அகன்று நிற்பான். மற்றவன் குழந்தை முகம் மாறாதவனாய் இருப்பான். முன்னவன் மோதி வெல்கின்றான். பின்னவன் தள்ளுண்டு விழுகின்றான். உடனே முன்னவனே சிறந்தவன் என்று முடிவு கட்டுகின்றோம். பெரும்பாலான சிறுவர் பதின்மூன்று, பதினான்கு வயதளவிலும், சிறுமியர் பதினொன்று, பன்னிரண்டு வயதளவிலும் மிக விரைவாக உயரம் கூடுவர். எனினும் இது ஆளுக்கு ஆள் ஓரிரண்டு ஆண்டு முந்தவும் பிந்தவும் கூடும். கைகால் விரைந்து நீளுங்கால், நேற்றுவரை இயல்பாய் ஆடியவன் சில திங்கள் தடுமாறுவதும் உண்டு. அத்தடுமாற்றத்தைத் திறன் குறைவு என்று கொள்ளுதல் பிழை.

பிறந்த மாதமும் நம்மை ஏமாற்றும். கனடா நாட்டில் பனித்தள ஹாக்கிக்குரிய வயதுப் பிரிவுகள் சனவரி முதல் நாளைக் கொண்டு வகுக்கப்பட்டிருந்தன. 1985-இல் ரோஜர் பார்ன்ஸ்லி என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும், அங்கு உயர்நிலை அணிகளில் ஆடியோரின் பிறந்த நாள்களைத் தொகுத்து நோக்கினர். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோர் மிகுதியாகவும், இறுதி மாதங்களில் பிறந்தோர் குறைவாகவும் இருப்பதைக் கண்டனர். காரணம் வெளிப்படை. சனவரியில் பிறந்தவனும் திசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகின்றனர். பத்து வயதுச் சிறுவனுக்கு ஓராண்டு என்பது அவன் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. மூத்தவன் வலியனாய்த் தோன்றுகின்றான். அவனுக்கே நல்ல பயிற்சியும் மிகுந்த ஆட்டங்களும் கிடைக்கின்றன. அதனால் அவன் மெய்யாகவே வல்லவன் ஆகின்றான். இளையவனோ வாய்ப்பின்றி ஆட்டத்தையே விட்டு அகல்கின்றான். நாள்காட்டி செய்த தவற்றிற்குச் சிறுவன் தண்டம் செலுத்துகின்றான்!

இரண்டாவதாக, கோல் கணக்கும் நம்மை மயக்கும். இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கிய ஹர்மன்பிரீத் சிங் ஒரு தடுப்பாட்டக்காரர். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் 10 கோல்கள் அடித்தார். அப்போட்டியில் அவரினும் மிகுதியாகக் கோல் அடித்தவர் ஒருவரும் இலர். பெனால்டி கார்னர் வாய்ப்புகளில் பந்தை விரைந்து செலுத்தும் அரிய ஆற்றல் அவருக்கு உண்டு. அது போற்றத்தக்கதே. ஆயினும் அது தடுப்பாட்டத்தோடு சேர்ந்த மற்றொரு கலை. கோல் அடிக்காத தடுப்பாட்டக்காரனைத் திறனற்றவன் என்றும், கோல் அடித்தவனைத் தடுப்பதிலும் வல்லவன் என்றும் கொள்ளுதல் பொருந்தாது.

இனி, மெய்யாக நோக்கவேண்டியவை எவை என்பதைக் காண்போம்.

முதலில் பொறுமை. நொச்சிக்குப்பம் போன்ற ஊர்களில் படகைக் கடலில் இறக்கும் மீனவரைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். கரையருகே அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து விழும். பழக்கமுள்ள மீனவர் உடனே பாய்ந்துவிடுவதில்லை; பெரிய அலைகள் அடங்கி இடைவெளி தோன்றும்வரை காத்து நிற்பர். முந்தினால் படகு கவிழும்; பிந்தினால் வழி அடைபடும். தடுப்பாட்டமும் இத்தகையதே. பந்தோடு வருகின்றவனைக் கண்டதும் மட்டையை நீட்டிப் பாய்கின்றவன் எளிதில் ஏமாறுவான். தேர்ந்தவனோ தக்க தொலைவில் நின்று, பின்னோக்கி நகர்ந்துகொண்டே, எதிரியைக் களத்தின் ஓரத்திற்குச் செலுத்துவான். ஓரத்திற்குச் சென்றவனுக்கு வழி குறுகும். எல்லைக்கோடு ஊதியமின்றி உழைக்கும் ஒரு துணைக் காவலன் அன்றோ?

அடுத்து, கண். பந்து தன்னிடம் வருமுன்னரே ஓர் இளம் ஆட்டக்காரி தலையைத் திருப்பிச் சுற்றும் நோக்குகின்றாளா? தனக்குப் பின்னே நழுவிச் செல்லும் எதிரணியாளைக் காண்கின்றாளா? பந்தை மட்டுமே நோக்குபவள் அரைக்களத்தைக் காணாதவள். இதனைக் கண்டறிய விரும்புவோர், பந்து இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, அந்த ஒருத்தியையே சில நிமிடங்கள் இமையாமல் நோக்கவேண்டும்.

மூன்றாவது, பந்தைப் பறித்தபின் செய்யும் செயல். பறித்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தொலைவில் அடிப்பவன் ஆபத்தைச் சற்றே ஒத்திவைக்கின்றான். அப்பந்து மீண்டும் எதிரணியிடமே சேரக்கூடும். தன் தோழனைக் கண்டு அவனிடம் சேர்ப்பவன், காவலைத் தாக்குதலாக மாற்றுகின்றான். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர், தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். இறுதியாட்டத்தில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்னும் கணக்கில் வென்றது. அவர் ஆடிய இடம், முன்களத்திற்கும் பின்களத்திற்கும் இடையே உள்ள இடைக்காவல். தடுத்தலும் பந்தை முன்னே சேர்த்தலும் ஆகிய இரு கடமைகளும் ஒருங்கே அமைந்த இடம் அது.

நான்காவது, பிழைக்குப் பின் உள்ள நிலை. பிழை செய்யாத தடுப்பாட்டக்காரன் எங்கும் இலன். ஏமாந்தவுடன் தலையில் கைவைத்து நிற்கின்றானா, திரும்பி ஓடி மீண்டும் தன் இடத்தை அடைகின்றானா என்பதே வினா. அடுத்த முறை அதே சூழ்ச்சி வருங்கால், முன்போலவே ஏமாறுகின்றானா, சற்றேனும் மாற்றிக்கொள்கின்றானா? வளர்ச்சியின் அடையாளம் இங்கேதான் தெளிவாகத் தெரியும்.

இறுதியாக, தோழரோடு இசைதல். காவல் என்பது தனியொருவர் செயல் அன்று. 2024 ஆகஸ்டு 4-ஆம் நாள், பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் இந்தியா பிரித்தானிய அணியை எதிர்த்து ஆடியது. 17-ஆவது நிமிடத்தில் இந்தியத் தடுப்பாட்டக்காரர் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற நேர்ந்தது. எஞ்சிய நாற்பது நிமிடங்களுக்கும் மேலாகப் பத்துப் பேரே ஆடினர். மதிலில் ஒரு கல் பெயர்ந்தது. ஆயினும் மற்றக் கற்கள் நெருங்கி நின்றன. முன்களத்தாரும் பின்னே ஓடிவந்து காவல் புரிந்தனர். கோல் காப்பாளர் சிரீஜேஷ் அரணாய் நின்றார். ஆட்டம் 1-1 என முடிய, பின்னர் நடந்த சூட்-அவுட்டில் இந்தியா 4-2 என வென்றது. கோல் பட்டியலை மட்டும் படிப்பவர்க்கு அந்நாளின் பேருழைப்பு விளங்குமா?

பனித்தள ஹாக்கியில் ஒருவகைக் கணக்கு நெடுங்காலமாய் உண்டு. ஓர் ஆட்டக்காரன் களத்தில் நிற்கும்போது தன் அணி கோல் அடித்தால் ஒன்று கூட்டுவர். எதிரணி அடித்தால் ஒன்று கழிப்பர். இது கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும். ஆனால் வல்ல தோழரோடு ஆடுபவன் உழைக்காமலே உயர்வான். மெலிந்த அணியில் ஆடுபவன் உழைத்தும் தாழ்வான். எண் பொய் கூறாது. ஆனால் முழு உண்மையையும் அது கூறிவிடாது. ஆகவே, ஒருவரை ஒரு நாளில் அளவாமல், பல ஆட்டங்களில், வலிய எதிரணியோடும் எளிய எதிரணியோடும் ஆடும்போது நோக்கவேண்டும். நோக்கியதை நாளும் ஏட்டில் குறிக்கவேண்டும். அடுத்திருப்பவனோடு ஒப்பிடுவதினும், ஆறு திங்களுக்கு முன் இருந்த அவனோடே அவனை ஒப்பிடுதல் சிறந்தது.

இது விளையாட்டைப் பற்றிய சிறு செய்தி அன்று. நொச்சிக்குப்பத்திலிருந்து சில கல் தொலைவில், எழும்பூரில், மேயர் இராதாகிருட்டிணன் ஹாக்கி அரங்கம் உள்ளது. 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையின் இறுதியாட்டம் அங்கே நடந்தது. இடைவேளையில் 1-3 எனப் பின்தங்கியிருந்த இந்தியா, மலேசியாவை 4-3 என வென்றது. 2025-இன் இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கோப்பைப் போட்டிகள் நடைபெற்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் சேரவும், பள்ளி, மாவட்ட அணிகளில் இடம் பெறவும் மாணவ மாணவியர் தேர்வுக்கு வருகின்றனர். வசதியுள்ள குடும்பத்துச் சிறுவன் ஒரு தேர்வில் தவறினால் மற்றொரு பயிற்சிக் கூடத்தை நாடுவான். கடலை நம்பி வாழும் குடும்பத்துச் சிறுமிக்கோ, அந்த ஒரு காலைப்பொழுதே வாழ்வின் வாயிலாக இருத்தல் கூடும். அன்று அவளை உயரத்தால் மட்டும் அளந்து திருப்பி அனுப்பினால், இழப்பு அவளுக்கு மட்டுமன்று, நாட்டிற்கும் ஆகும்.

திருவள்ளுவர் அரணுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆளை ஆராய்ந்து துணிவதற்குத் ‘தெரிந்து தெளிதல்’ என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். நல்ல அரண் வேண்டுவோர், முதலில் தெரிந்து தெளியக் கற்றல் வேண்டும். மாணவர்களே! உங்கள் பள்ளிக் களத்தில் அடுத்த முறை ஆட்டம் நிகழுங்கால், கோல் அடித்தவனைப் பாராட்டுங்கள். அதனோடு, ஒருவரும் கைதட்டாத பின்களத்தில் நிற்பவனையும் சற்று நேரம் உற்று நோக்குங்கள். அவன் தடுத்த தீங்கு யாது என்று உங்களையே வினவுங்கள். அவ்வினாவிற்கு விடை காணும் கண் உங்களுக்கு வாய்க்குமாயின், களத்தில் மட்டுமன்றி வீட்டிலும் நாட்டிலும் ஓசையின்றிக் காத்து நிற்போர் பலரை நீங்கள் அறிந்துகொள்வீர்கள்.