செம்மரம்: நடுதலும் காத்தலும் கணக்கில் ஏற்றுதலும்

சாணார்பட்டி ஒன்றியத்தில், திண்டுக்கல்லினின்று நத்தம் செல்லும் சாலையின் இருமருங்கிலும், மாவும் புளியும் தென்னையும் நெடுங்காலமாகக் குடியானவர்களுக்குப் பலன் தந்து வருகின்றன. அண்மைக் காலமாகத் தோட்டக்காரர் பலர் செம்மரம் நடுவதைப் பற்றி விசாரிக்கின்றனர். நாற்று விற்போர் சிலர், சில ஆண்டுகளிலேயே ஏக்கருக்குக் கோடிக்கணக்கில் பணம் கிட்டுமெனக் கூறுவதும் உண்டு. இம்மரத்தின் இயல்பு யாது, நம் நிலத்திற்கு அது எவ்வளவில் ஏற்றது, நட்டவர் செய்ய வேண்டுவன யாவை என்பவற்றை விவசாயிகளும் கிராம அலுவலர்களும் அறிந்து கொள்ளுதல் அவசியம்.

மரத்தின் இயல்பு

செம்மரத்திற்குச் செஞ்சந்தனம் என்றும் பெயருண்டு. எனினும் சந்தன மரத்திற்கும் இதற்கும் உறவில்லை. சந்தனம் பிற மரங்களின் வேரை அண்டிப் பிழைப்பது, மணமுடையது. செம்மரம் தன் வேராலேயே வாழ்வது. சொல்லத்தக்க மணம் இல்லாதது. இது வேங்கை மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. வேங்கையின் ஒரு காம்பில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் இருக்கும். செம்மரத்தில் பெரும்பாலும் மூன்றே இருக்கும்.

இதன் பிறப்பிடம் ஆந்திர நாட்டின் தென்பகுதியிலுள்ள சேஷாசலம், வேலிகொண்டா, பாலகொண்டா முதலிய மலைகள். உலகில் வேறெங்கும் இது பெருங்காடாகத் தானே வளர்வதில்லை. நம் வீடுகளில் நவராத்திரிக் கொலுவில் வைக்கும் மரப்பாச்சி பொம்மைகள் தொன்றுதொட்டு இம்மரத்திலேயே செய்யப்பட்டன. இதன் வைரத்திலுள்ள சிவப்புச் சாயத்திற்காகவும் இது நாடப்பட்டது. ஜப்பானியர் ஷாமிசென் என்னும் நரம்பு வாத்தியத்திற்கும், சீனர் உயர்ந்த மேசை நாற்காலிகளுக்கும் இதனை விரும்புவர்.

ஏற்ற நிலம்

சரளை கலந்த செம்மண்ணும், நீர் தங்காத சரிவான கொல்லைகளும் இதற்கு உகந்தவை. மலையடிவாரத்தில் வேறு பயிர் சரிவர விளையாத மேட்டுக் கொல்லைகளில் இதனை நடலாம். கரிசல், களிமண், வாய்க்காலோரம், நெல் வயலின் வரப்பு ஆகியவை ஆகா. வேரில் நீர் தேங்கினால் மரம் அழுகும். வெயிலை மிக விரும்புவதாதலால் அடர்ந்த மாந்தோப்பின் நிழலில் நட்ட கன்று குன்றிப்போகும்.

விதையும் நாற்றும்

சித்திரை மாதத்தை ஒட்டி மஞ்சள் நிறப் பூக்கள் தோன்றும். காய்கள் முற்றி உலர மறு மாசி, பங்குனி ஆகும். காய் வட்டமாய், சுற்றிலும் சிறகு போன்ற ஓரத்துடன் இருக்கும். உள்ளே ஒன்று, சிலவேளை இரண்டு விதை இருக்கும். பளபளப்பான சிவந்த மணிகளைச் செம்மர விதையென்று விற்பாருமுளர். அவை ஆனைக்குன்றிமணி என்னும் வேறு மரத்தின் விதைகள். வாங்குவோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

காயின் சிறகு ஓரத்தைக் கத்தரித்து, ஒன்றிரண்டு நாள் தண்ணீரிலோ சாணக் கரைசலிலோ ஊறவைத்து, மணல் கலந்த மேட்டுப்பாத்தியில் விதைக்க வேண்டும். முளைப்பு ஒரே சீராக இராது; பாதியளவு முளைத்தாலே திருப்தி கொள்ளலாம். முளைத்த நாற்றைப் பைகளுக்கு மாற்றி ஓராண்டு வளர்த்து நடுதல் நலம். நாற்று வாங்குவோர் வனத்துறை நாற்றங்கால்களை நாடலாம். தமிழ்நாட்டு அரசு 2021-22-ஆம் ஆண்டில் தொடங்கிய விவசாய நிலப் பசுமைப் போர்வை இயக்கத்தின் வாயிலாக வேளாண்மைத் துறையினர் வழங்கிய மரக்கன்றுகளில் செம்மரமும் ஒன்று. எங்கு வாங்கினும் ரசீது பெற்றுப் பத்திரப்படுத்துக.

நடும் முறை

ஆடி மாதத்திலேயே ஒன்றரை அடி நீள, அகல, ஆழமுள்ள குழிகள் எடுத்து ஆறவிட வேண்டும். மேல்மண்ணுடன் மக்கிய தொழு உரமும் சிறிது வேப்பம் புண்ணாக்கும் கலந்து குழியை நிரப்புக. நம் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியமாதலால், ஐப்பசியில் மண் நன்கு நனைந்தபின் நடலாம். தனித் தோப்பாயின் 13 அடிக்கு ஒரு கன்று வீதம் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 250 கன்றுகள் பிடிக்கும். மேட்டு நில வரப்புகளில் ஒரே வரிசையாகவும் நடலாம்.

முதல் மூன்றாண்டுப் பராமரிப்பு

மரத்தின் வாழ்வும் சாவும் முதல் மூன்று கோடைகளிலேயே தீர்மானமாகின்றன. கோடையில் 10 நாட்களுக்கு ஒருமுறை கன்றுக்கு இரண்டு குடம் நீர் ஊற்றி, தூரைச் சுற்றிச் சருகினால் மூடாக்கு இடுக. வேரூன்றிய பின் வறட்சியைத் தாங்கும். அப்பால் நீர் மிகுதியாகப் பாய்ச்ச வேண்டியதில்லை. தூரைச் சுற்றிக் களை எடுத்து, மழைநீர் தேங்காதவாறு மண் அணைக்க வேண்டும்.

இதன் தழையை ஆடுமாடுகள் ஆவலுடன் தின்னும். ஒருமுறை கடிபட்ட நுனிக்குருத்துக் கவை விட்டு, நேரான அடிமரம் கிடையாமற் போகும். ஆகையால் முள்வேலி இன்றியமையாதது. பக்கக் கிளைகளை ஆண்டுதோறும் கூரிய கத்தியால் சிறிது சிறிதாகக் கவாத்துச் செய்க. ஒரே தடவையில் மொட்டையடித்தல் கூடாது. கறையான் புற்றுகளை அகற்றுக. இலை தின்னும் புழு கண்டால் 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம். கோடையில் தோப்பைச் சுற்றித் தீத்தடுப்புப் பாதை செதுக்கி வைத்தல் வேண்டும். முதற் சில ஆண்டுகளில் இடையே நிலக்கடலை, உளுந்து, துவரை பயிரிட்டால் கைச்செலவுக்கு ஆகும்.

பலன் எப்போது?

செம்மரத்தின் விலை அதன் வைரத்திலே இருக்கிறது. இளமரத்தை வெட்டினால் வெளுத்த மேற்கட்டையே மிகுதியாய் இருக்கும். அதற்கு விறகின் மதிப்பே உண்டு. வைரம் பாயப் பல்லாண்டுகள் ஆகும். சந்தையில் மிக உயர்ந்த விலைபெறும் அலைவரிக் கட்டை எல்லா மரத்திலும் அமைவதில்லை. வெட்டுமுன் வெளித்தோற்றத்தால் அறியவும் இயலாது. ஆகவே பத்திரிகையில் காணும் ஏல விலையைத் தம் மரத்தின் எண்ணிக்கையால் பெருக்கி மனக்கோட்டை கட்டுதல் தகாது. இதற்காக மாவையும் புளியையும் வெட்டுவதும், கடன் வாங்கித் தோப்பு வைப்பதும் அறிவுடைமையாகா. சும்மா கிடக்கும் சரளைக் கொல்லையிலும் வேலியோரத்திலும் நட்டு, பிள்ளைகளின் காலத்திற்குரிய சேமிப்பாகக் கருதுவதே தக்கது.

கணக்கில் ஏற்றுதல்

பலர் கவனியாது விடுவது இதுவே. செம்மரம் 1995-ஆம் ஆண்டு முதல் அழியத்தகும் உயிரினங்களின் சர்வதேச வணிக உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அவ்வுடன்படிக்கையின்கீழ் 2004 முதல் இந்தியச் செம்மர வணிகத்தின்மீது இருந்த தனிப் பரிசீலனை 2023 நவம்பரில் நீக்கப்பட்டது. இதனால் பயிரிடுவோர்க்கு வழி சற்றுச் சுலபமாகலாமேயன்றி, கட்டுப்பாடு அகன்றுவிட்டதெனக் கருதலாகாது. வனத்துறையின் அனுமதிச்சீட்டின்றி ஒரு கட்டையையும் வண்டியில் ஏற்றலாகாது.

திருட்டு மரத்தின் கொடுமையைத் தமிழ்நாடு நன்கறியும். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் போலீசார் சுட்டதில் மாண்ட 20 பேர் தமிழ்நாட்டினின்று சென்ற கூலிமக்கள். காட்டில் வெட்டிய கட்டையும் பட்டா நிலத்தில் வளர்ந்த கட்டையும் பார்வைக்கு ஒன்றே. இவற்றைப் பிரித்துக் காட்டுவது ஏடு ஒன்றுதான். 2025-இல் தேசிய பல்லுயிர் ஆணையம் திருவள்ளூர் மாவட்டத்துச் செம்மரம் பயிரிட்டோர் 18 பேருக்கு 55 இலட்சம் ரூபாய் பலன் பங்காக வழங்கியது. முறையாய்ப் பயிரிட்டு விற்றவர்க்கு இத்தகைய நன்மையும் உண்டு.

ஆதலின், நட்ட ஆண்டிலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, சர்வே எண், கன்றுகளின் எண்ணிக்கை, நட்ட ஆண்டு ஆகியவற்றை அடங்கலில் பதியச் செய்து, நகல் பெற்று வைக்க வேண்டும். பட்டுப்போன கன்றுகளையும் பின்னர் நட்டவற்றையும் ஆண்டுதோறும் திருத்தி எழுதச் செய்க. கர்ணம் பதவி 1980-இல் எடுபட்டபோதிலும், அடங்கலின் முக்கியத்துவம் குறையவில்லை. கிராம நிர்வாக அலுவலர்களும் மரத்தை நேரிற்கண்டு எண்ணிப் பதிதல் வேண்டும். நட்டவரும் பதிந்தவரும் இல்லாத காலத்தில், மாவட்ட வன அலுவலர் முன் வாரிசுக்குச் சாட்சியாய் நிற்பது அந்த ஒரு வரியே.

வரும் ஐப்பசியில் நட எண்ணுவோர் இப்போதே மேட்டு நிலத்தைத் தெரிந்து, வேலிக்கு முள் சேர்த்து, முதலில் 20 அல்லது 30 கன்றுகளுடன் தொடங்குவது நலம். அவை மூன்று கோடை தாண்டி நின்றபின் மேலும் நடலாம்.