பிச்சிப்பூவைப் படிக்காத பைதான்

இன்னைக்கு ஒரு கிராஷ் கதை.

தோவாளை பூச்சந்தையில் கடை வச்சிருக்கிற என் மாமாவுக்கு, யார் எவ்வளவு பாக்கி தரணும்னு கூட்டிச் சொல்ற சின்ன பைதான் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். என்னோட லினக்ஸ் லேப்டாப்பில் அருமையா ஓடிச்சு. கடையில் இருக்கிற விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓட்டினதும் கிராஷ்.

அவசரத்தில், எந்தப் பிழை வந்தாலும் கண்டுக்காம போன்னு ஒரு டிரை-எக்செப்ட் போட்டேன். கிராஷ் நின்னுச்சு. மறுநாள் விடியுறதுக்கு முன்னாடியே மாமா போன்: "மக்கா, பாக்கி சைபர்னு காட்டுதே. எல்லாரும் துட்டு குடுத்துட்டாவளா?"

பிழையை மறைச்சேன், கூடவே அவரோட காசும் மறைஞ்சு போச்சு.

எக்செப்டை எடுத்துட்டு டிரேஸ்பேக்கைப் படிச்சேன். அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கணும். கடைசி வரி: யூனிகோட் டிகோட் எரர், 8டி என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை. அதுக்கு மேலே சிபி1252 என்ற பெயர். அதுக்கும் மேலே, கோப்பைப் படிக்கிற என்னோட வரி.

விஷயம் இதுதான். யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். மெய்யெழுத்து மேல வைக்கிற புள்ளியோட மூணாவது பைட்தான் 8டி. என்கோடிங் சொல்லாம கோப்பைத் திறந்தா, விண்டோஸில் பைதான் பெரும்பாலும் சிபி1252-ன்னு எடுத்துக்கும். அந்தப் பட்டியலில் 8டி-க்கு எழுத்தே கிடையாது. அதனால 'பிச்சி'யில் இருக்கிற புள்ளியில் விழுந்துச்சு.

'அரளி' மட்டும் இருந்திருந்தா? புள்ளி இல்லை, கிராஷும் இல்லை. ஆனா குப்பை எழுத்தா வந்திருக்கும், பிழைன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அது இதைவிட ஆபத்து.

தீர்வு ஒரே சொல்: கோப்பைத் திறக்கிற இடத்தில் என்கோடிங் யுடிஎஃப்-8-ன்னு எழுதணும். பைதான் 3.15-லிருந்து அதுவே இயல்பா இருக்கும்னு முடிவாகியிருக்கு. மாமா கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது பழசு. அதனால நாமதான் எழுதணும்.

இப்போ பாக்கி சரியா வருது. கிராஷ் ஆகிற நிரல் நம்மகிட்ட உண்மையைச் சொல்லுது மக்கா. அதோட வாயைப் பொத்தாதீங்க.