என்ஜின் அலறுகிறது, கார் நகரவில்லை!

மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க என்ஜின் அலறும். வேகம் மட்டும் கூடாது. சற்று நேரத்தில் தீய்ந்த வாடை வரும். மோட்டார் பட்டறைகளில் "கிளட்ச் சிலிப்" என்று சொல்வது இதைத்தான்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தக் கோளாறு வந்தால் எடுத்த எடுப்பிலேயே கியர்பாக்ஸைக் கழற்றி விடுவது பலருடைய வழக்கம். சில சமயம் குற்றவாளி ஒரு சின்ன ரப்பர் குழாயாக இருக்கும். அப்போது கூலியும் நாளும் வீண். கெட்ட பெயர் மெக்கானிக்குக்கு!

ஹெரால்டின் தம்பி

பிரிட்டனின் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரையே உதாரணமாக எடுத்துக் கொள்ளலாம். இருவர் அமரும் இந்தத் திறந்த கார் 1962 முதல் 1980 வரை தயாராயிற்று. நம்மவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமல்ல. சென்னையில் 1961 முதல் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற பெயரில் தயாரான காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைத்ததே ஸ்பிட்ஃபயர். ஹெரால்டில் கை பழகியவர்களுக்கு இதன் கிளட்சும் பிடிபடும்.

என்ஜினோடு சுழலும் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இருக்கிறது. ஸ்பிரிங் அழுத்தும் வரை மூன்றும் ஒன்றாகச் சுற்றும். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆயில் குழாய் வழியே ஸ்லேவ் சிலிண்டருக்குப் பாய்ந்து அந்த அழுத்தத்தை விலக்கும். ஆகவே கிளட்ச் வழுக்கக் காரணம் இரண்டில் ஒன்று: ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுதாகப் பிளேட்டுக்குச் சேரவில்லை, அல்லது பிளேட் தன் பிடியை இழந்துவிட்டது.

முதலில் சோதனை

நேரான, ஆளில்லாத சாலையில் டாப் கியரில் மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்த வேண்டும். வேகமானி முள்ளும் என்ஜின் சுற்றைக் காட்டும் முள்ளும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் நலம். சுற்று முள் மட்டும் துள்ளி ஏறினால் சிலிப்.

நின்ற இடத்திலும் பார்க்கலாம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டாப் கியரில் போட்டுப் பெடலை மெல்ல விட வேண்டும். என்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது. காருக்கு முன்னே யாரும் நிற்கலாகாது. இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கருகிவிடும்.

சில ஸ்பிட்ஃபயர்களில் ஓவர்டிரைவ் உண்டு. அதைப் போட்டால் மட்டும் வழுக்கி, எடுத்தால் சரியாகிவிட்டால் கோளாறு ஓவர்டிரைவில்தான்; கிளட்சில் அல்ல.

கியர் விழும்போது கரகரவென்று சத்தம் வருவது வேறு நோய். அது கிளட்ச் விலக மறுப்பது. ஆயில் குறைந்தாலோ காற்றுப் புகுந்தாலோ வருவது அதுதான், சிலிப் அல்ல.

வெளியே தேடுங்கள்

பெடல் முழுதாகத் திரும்பி வருகிறதா? மாஸ்டர் சிலிண்டரின் தள்ளு கம்பியில் சிறிதளவு விளையாட்டு இருக்கிறதா? இல்லையென்றால் ஆயில் திரும்ப வழியின்றி அடைபட்டு, பெடலைப் பாதி மிதித்தாற்போலவே கிளட்ச் நிற்கும். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பிப் போனாலும் இதே கதைதான்.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. முதலில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியேறும் குழாயின் இணைப்பைத் தளர்த்த வேண்டும். ஆயில் பீறிட்டு, பிடி திரும்பினால் கோளாறு மாஸ்டர் சிலிண்டர் பக்கம். மாறுதல் இல்லையென்றால் ஸ்லேவ் சிலிண்டரில் காற்று எடுக்கும் திருகைத் திறக்க வேண்டும். அப்போது பிடி திரும்பினால் ஹோஸ்தான் குற்றவாளி. இரண்டிலும் பயனில்லை என்றால் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் இறுகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும்.

உள்ளே போனால்

இந்தக் காரில் கியர்பாக்ஸ் கீழே இறங்குவதில்லை. சீட்டுகளைக் கழற்றி, நடுவிலுள்ள மூடியை எடுத்து, காருக்குள்ளிருந்தே வெளியே தூக்க வேண்டும். இத்தனை பாடு பட்டபின் பிளேட்டை மட்டும் மாற்றுவது சிக்கனமல்ல. பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்து மாற்றுவதே லாபம்.

பிளேட்டில் ரிவெட் தலை தெரிந்தால் தேய்மானம். எண்ணெய்ப் பசை இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்: கறுத்திருந்தால் பெரும்பாலும் என்ஜின் ஆயில், கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். கசிவை அடைக்காமல் போட்ட புதுப் பிளேட் சில நாளில் மறுபடி வழுக்கும். ஃபிளைவீலில் நீலம் பாய்ந்த புள்ளிகளோ வெடிப்போ இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

வேலை செய்பவருக்கு ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கிளட்ச் பிளேட்டுகளில் பொதுவாக ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தத் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயைக் கூடத் தரும். பிரிட்டன் 1999-ல் இதற்கு முழுத் தடை விதித்தது. ஆகவே கிளட்ச் உறையில் படிந்த தூசை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. உலர்ந்த பிரஷ் போடவும் கூடாது. தூசுக்கேற்ற முகமூடி அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியை உறையில் கட்டித் தனியே அப்புறப்படுத்த வேண்டும். பிளேட்டுக்கு மாற்று கடையில் கிடைக்கும், நுரையீரலுக்குக் கிடைக்காது.